கேஸ் போயிடுச்சா?

ஃப்ரீசரில் கூலிங் நிற்கவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டால், பெரும்பாலான வீடுகளில் முதலில் காதில் விழுவது ஒரே வாக்கியம்: “கேஸ் போயிடுச்சுக்கா.” கதவைத் திறந்து உள்ளே கை வைத்துப் பார்ப்பார். பின்பக்கம் குனிந்து கம்ப்ரசரைத் தொட்டுப் பார்ப்பார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிடுவார். ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றியிருக்க மாட்டார். தெர்மாமீட்டரோ மல்டிமீட்டரோ பையிலிருந்து வெளியே வந்திருக்காது. அடுத்த பேச்சு, இங்கேயே வைத்துப் போடுவதா, கடைக்கு எடுத்துப் போவதா என்பதுதான்.

அந்த வாக்கியத்தை எந்த அளவுக்கு நம்பலாம்? சொல்கிறவர் நல்லவரா கெட்டவரா என்பது தனி விவகாரம். நேர்மையான மெக்கானிக்கும் இதையே சொல்கிறார் என்பதால்தான் வாக்கியத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்குச் சில வசதிகள் உண்டு. கேஸ் கண்ணுக்குத் தெரியாது. வீட்டுக்காரர் மறுத்துப் பேச முடியாது. பில் ஆயிரங்களில் வரும், வந்தவருக்கு நஷ்டமில்லை. இவற்றைவிட விபரீதமான வசதி ஒன்று இருக்கிறது: கேஸ் போட்டுத் திரும்பி வந்த ஃப்ரிட்ஜ் பல நேரங்களில் உண்மையிலேயே சில நாள் நன்றாக ஓடுகிறது. கேஸ் போகாமலே போட்டிருந்தாலும் ஓடுகிறது. அந்த மாயம் எப்படி நடக்கிறது என்பதுதான் இந்த விவகாரத்தின் மையம்.

அதற்கு முன், ஃப்ரீசர் கெட்டுத்தான் போயிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். வீட்டு ஃப்ரீசர் எட்ட வேண்டிய குளிர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். மைனஸ் 18ஐயும் மைனஸ் 8ஐயும் கை வைத்துப் பிரித்தறிய யாராலும் ஆகாது. இரண்டிலும் தண்ணீர் கல்லாகத்தான் இருக்கும். ஐஸ்கிரீம் கொஞ்சம் நம்பகமான சாட்சி. சர்க்கரை கரைந்திருப்பதால் மைனஸ் 18இல் கரண்டி சிரமப்பட்டு இறங்கும், மைனஸ் 10ஐ ஒட்டி வந்தால் குழைந்துவிடும். சில நூறு ரூபாய்க்குத் தெர்மாமீட்டரே கிடைக்கிறது. அதைக் காற்றில் தொங்கவிடாமல், உறைந்த பொட்டலங்களுக்கு நடுவே செருகி ஒரு இரவு விட்டு, காலையில் கதவைத் திறந்த கையோடு படிக்க வேண்டும். இந்த ஒரு எண் கையில் இல்லாமல் பழுதைப் பற்றிப் பேசுவது வெறும் அபிப்பிராயம்.

சுமையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டிலிருந்து 4 கிலோ மீன் வாங்கி வந்து, கழுவி, ஈரத்தோடு ஒரே நேரத்தில் உள்ளே அடுக்கினால் என்ன ஆகும்? 30 டிகிரியில் இருக்கும் மீனை மைனஸ் 18க்குக் கொண்டுவர ஏறத்தாழ 1,600 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அதில் பெரும்பங்கு நீர் ஐஸாக மாறும் அந்தக் கட்டத்திலேயே போய்விடுகிறது. வீட்டு ஃப்ரிட்ஜின் கம்ப்ரசர் உள்ளிருந்து வெப்பத்தை இழுக்கும் வேகம் 100 வாட் அளவில் இருக்கும் என்று வைத்தால், வேறு எந்த வேலையும் இல்லாமல் அந்த மீனுக்கு மட்டுமே நாலரை மணி நேரம் ஆகும். சுவர் வழியே உள்ளே வரும் வெப்பத்தையும், பத்துத் தடவை திறக்கும் கதவையும் சேர்த்தால் மறுநாள்தான் நிலைக்கு வரும். திங்கட்கிழமை காலை மெக்கானிக்குக்குப் போகும் அழைப்புகளில் சில இந்த வகைதான். இதில் யாருக்கும் எந்த மருத்துவமும் தேவையில்லை.

எண் உண்மையிலேயே மோசமாக இருக்கிறது, சுமையும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இப்போது கேஸுக்கு வருவோம். ‘வாங்கிப் பத்து வருஷம் ஆச்சு இல்லீங்களா, கேஸ் தீர்ந்திருக்கும்’ என்ற பேச்சுக்கு அடியில் இருக்கும் நம்பிக்கை, கேஸ் என்பது வண்டிக்குப் பெட்ரோல் மாதிரி ஓட ஓடச் செலவாகும் பொருள் என்பது. ஃப்ரிட்ஜில் அப்படி எதுவும் செலவாவதில்லை. கம்ப்ரசர் கேஸை அழுத்துகிறது. வெளிச் சுருளில் அது வெப்பத்தைக் கொட்டிவிட்டுத் திரவமாகிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உள்விட்டம் கொண்ட கேப்பிலரி குழாய் வழியே நெருக்கிப் போய், ஃப்ரீசர் காயிலில் அழுத்தம் விழுந்ததும் கொதித்து ஆவியாகிறது. கொதிக்கத் தேவையான வெப்பத்தை உள்ளே இருக்கும் பொருள்களிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. திரும்பவும் கம்ப்ரசருக்கே வருகிறது. எல்லா இணைப்புகளும் உலோகத்தோடு உலோகமாகப் பற்றவைத்து மூடப்பட்டவை. தொழிற்சாலையில் நிரப்பிய கேஸோடு பதினைந்து வருடம் ஓடும் ஃப்ரிட்ஜில் அதிசயம் ஏதும் இல்லை. அதற்கு அதுதான் இயல்பு. கேஸ் குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. எங்கே என்று காட்டாமல் ‘போயிடுச்சு’ என்று மட்டும் சொல்வது பாதி வாக்கியம்.

அந்த மீதிப் பாதி இன்று முன்னைவிட முக்கியமாகிவிட்டது. 1987இன் மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆர்-12 படிப்படியாக விலகி, ஆர்-134ஏ வந்து, இப்போது விற்கும் வீட்டு ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன் இருக்கிறது. இதன் கொதிநிலை மைனஸ் 11.7 டிகிரி. ஃப்ரீசர் காயில் மைனஸ் 25இல் வேலை செய்ய வேண்டுமென்றால் அங்கே அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் பாதியைச் சற்றே தாண்டித்தான் இருக்க முடியும். ஆகவே காயில் பக்கம் ஊசிமுனை ஓட்டை விழுந்தால், ஃப்ரிட்ஜ் ஓடும்போது கேஸ் வெளியே வருவதில்லை. வெளிக்காற்று உள்ளே போகிறது, சென்னைக் காற்றாக இருந்தால் ஈரத்தோடு போகிறது. அணைத்துப் போட்டு உள்ளே சூடேறும்போதுதான் கேஸ் வெளியேறும். இப்படிப்பட்ட ஃப்ரிட்ஜில் இருப்பதற்கு மேலேயே கொஞ்சம் கேஸை ஏற்றிவிட்டால், உள்ளே புகுந்த காற்று அழுத்தத்தை ஏற்றி கம்ப்ரசரை வதைக்கும்; ஈரம் கேப்பிலரியின் முனையில் ஐஸாகி வழியை அடைக்கும். ஆக, கேஸ் போனது உண்மையாகவே இருந்தாலும், கேஸ் ஏற்றுவது மட்டும் அதற்கு மருந்தாகாது.

இனி அந்த மாயம். இன்று நகரங்களில் பரவலாக இருக்கும் டபுள் டோர் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜில் குளிர் பிறக்கும் காயில் கண்ணில் படாது. ஃப்ரீசரின் பின்சுவராகத் தெரியும் பிளாஸ்டிக் தடுப்புக்குப் பின்னால் அது நிற்கிறது. ஒரு சின்ன ஃபேன் அதன் வழியே காற்றை இழுத்து ஃப்ரீசருக்குள் வீசுகிறது. அதில் ஒரு பங்கு கீழ் அறைக்கும் போகிறது. கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே வரும் ஈரம் காயிலில் பனியாகப் படியும். அதைக் கரைக்க, கம்ப்ரசர் பல மணி நேரம் ஓடியபின் ஒருமுறை ஒரு ஹீட்டர் எரிந்து அணையும். கரைந்த நீர் குழாய் வழியே இறங்கிக் கம்ப்ரசர் மேலுள்ள தட்டில் விழுந்து ஆவியாகிப் போகும். ஹீட்டரோ, அதை அணைத்து ஏற்றும் பைமெட்டல் தெர்மோஸ்டாட்டோ, பாதுகாப்பு ஃப்யூஸோ, டைமரோ, சென்சாரோ, ஏதாவது ஒன்று போய்விட்டால் பனி கரைவது நின்றுவிடும். நாளாக ஆகக் காயிலின் இடைவெளிகள் அடைபட்டு அது ஒரே ஐஸ் பாளமாகிவிடும். ஃபேன் சுற்றினாலும் காற்று போக வழியில்லை. முதலில் கீழ் அறை சூடாகும். தயிர் சீக்கிரம் புளிக்கும், கீரை வாடும். சில நாளில் ஃப்ரீசரும் தளரும். உள்ளே குளிர் இல்லை, கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது கேஸ் குறைந்த ஃப்ரிட்ஜ் போலவே இருக்கும்.

மெக்கானிக் அதைக் கடைக்கு எடுத்துப் போகிறார். பிளக்கைப் பிடுங்கி, ஆட்டோவில் ஏற்றி, கடையில் இறக்கி, வெல்டிங் வேலைக்காகக் கதவைத் திறந்து போட்டு, மறுநாள் கேஸ் ஏற்றுகிறார். இந்த ஒன்றரை நாளில் உள்ளே இருந்த ஐஸ் பாளம் முழுக்கக் கரைந்து தரையில் ஓடிவிட்டிருக்கும். ஓட விட்டுப் பார்த்தால் ஜில்லென்று காற்று வருகிறது. வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். மெக்கானிக்குக்கும் தன் கணிப்பு சரி என்று மனசார நம்பிக்கை. பத்துப் பதினைந்து நாளில் திரும்பவும் கீழ் அறை சூடாகிறது. “லீக் இருக்கு போல, மறுபடி போட்டுப் பார்ப்போம்” என்கிறார். பிழையான கணிப்பு இப்படித்தான் தனக்குத் தானே சான்றிதழ் கொடுத்துக்கொள்கிறது. சிகிச்சைக்கு முன் நடந்த தற்செயலான காரியம் ஒன்று நோயைத் தணித்துவிட, பெயர் சிகிச்சைக்குப் போகிறது. மருத்துவத்தில் இதைக் கண்டுபிடிக்க ஒப்பீட்டுக் குழு வைப்பார்கள். ஃப்ரிட்ஜுக்கு அது வீட்டிலேயே, செலவில்லாமல் செய்யக்கூடிய சோதனை.

ஃப்ரிட்ஜைக் காலி செய்து, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் திறந்து, அடியில் பழைய துண்டு போட்டு 24 மணி நேரம் விடுங்கள். பிறகு ஓட்டிப் பாருங்கள். ஒரு நாளில் தெர்மாமீட்டர் மைனஸ் 18ஐத் தொட்டு, அடுத்த சில நாளும் அங்கேயே நின்று, பிறகு மெல்ல ஏறினால் கேஸ் குற்றமற்றது. ஓட்டை வழியே போன கேஸ் ஒரு நாள் ஓய்வு எடுத்ததும் திரும்பி வந்துவிடாது. நியாயமாக இதற்கு ஒரு விலக்கும் சொல்லியாக வேண்டும்: உள்ளே ஈரம் புகுந்து கேப்பிலரி முனை உறைந்து அடைபடும் ‘மாய்ஸ்சர் சோக்’ என்ற கோளாறும் ஓய்வில் சரியாகும். ஆனால் அது சில மணி நேரத்திலேயே, அதிகம் போனால் ஓரிரு நாளில் திரும்பிவிடும், வாரக்கணக்கில் காத்திருக்காது. எத்தனை நாள் தாங்கியது என்பதே இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

இதைவிட நேரடியான சான்று அந்தப் பின்தடுப்புக்குள் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, ஃப்ரீசர் பின்சுவரின் இரண்டு மூன்று ஸ்க்ரூவைக் கழற்றித் தடுப்பை மெல்ல இழுத்தால் காயில் தெரியும். அது ஐஸில் புதைந்து, வளைவுகளே தெரியாமல் வெள்ளைச் சுவராக நின்றால் டிஃப்ராஸ்ட் பகுதியில்தான் கோளாறு. காயில் முழுக்க மெல்லிய, சீரான பனிப்படலம் மட்டும் இருந்து, காற்று வரவில்லையென்றால் ஃபேன். கேஸ் நுழையும் முனையில் இரண்டு மூன்று வளைவு மட்டும் பனி பூத்து, மீதி எல்லாம் ஈரமாகவோ வறண்டோ இருந்தால், அப்போதுதான் கேஸ் குறைவு அல்லது வழியில் அடைப்பு என்று பேசலாம். பனியே இல்லையென்றால் கேஸ் அறவே இல்லை, அல்லது கம்ப்ரசர் ஓடுவதுபோல் சத்தம் போட்டுக்கொண்டு அழுத்தம் கொடுக்காமல் இருக்கிறது. பத்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் கேஸ் என்று சொன்னவர் சொன்னதற்கு எந்த மதிப்பும் தரத் தேவையில்லை என்பது என் கட்சி. கதவோரத்தில் மட்டும் பனி கட்டினால் பிரச்சினை இன்னும் எளிது: காந்த ரப்பர் தளர்ந்திருக்கிறது. ஒரு ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால், தளர்ந்த இடத்தில் அது வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜில் கதை தலைகீழ். அதில் ஃபேன் இல்லை, ஹீட்டர் இல்லை, டைமர் இல்லை. ஃப்ரீசர் பெட்டியின் அலுமினியத் தகடேதான் காயில். தகட்டுக்குள்ளேயே கேஸ் ஓடும் கால்வாய்கள் இருக்கின்றன. ஐஸ் மண்டிப் போனால் டிஃப்ராஸ்ட் பட்டனை அழுத்திக் காத்திருக்க வேண்டும். பொறுமை இல்லாதவர் கத்தி முனையால் குத்திப் பெயர்க்கிறார். ஒட்டிக்கொண்ட ஐஸ் டிரேயை ஸ்க்ரூடிரைவரால் நெம்புகிறார். ‘புஸ்’ என்று ஒரு சத்தம் வந்தால் அங்கே விவாதத்துக்கு இடமே இல்லை. மெக்கானிக் சொல்வது சரி. சத்தம் வராமலும் போகலாம், ஆர்-600ஏக்கு வாசனையும் கிடையாது. சமையல் கேஸில் கலக்கும் நாற்றப்பொருளை இதில் கலப்பதில்லை. ஆகவே சிங்கிள் டோரில், அதுவும் கத்தி பட்ட வரலாறு இருந்தால், கேஸ் முதல் சந்தேகமாக இருப்பதில் தவறே இல்லை. வீட்டில் யாரும் கத்தியை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது வேறு.

மற்ற சந்தேகப் பேர்வழிகளை வேகமாகப் பார்த்துவிடலாம். கம்ப்ரசர் ஓடவே இல்லை, சில நிமிடத்துக்கு ஒருமுறை ‘ம்ம்’ என்று உறுமி ‘டிக்’ என்று அணைகிறது என்றால், ஸ்டார்ட் ஆக முடியாமல் ஓவர்லோடு அறுத்துவிடுகிறது. ரிலே போயிருக்கலாம், கெப்பாசிட்டர் போயிருக்கலாம், கம்ப்ரசரே இறுகியிருக்கலாம். வோல்டேஜ் தாழ்ந்த தெருக்களில் இவற்றில் எதுவுமே இல்லாமலும் இது நடக்கும். கரண்ட் போய் உடனே வந்தாலும் இதே கதைதான். அழுத்தம் இருபுறமும் சமமாகச் சில நிமிடம் ஆகும், அதற்காகத்தான் ஸ்டெபிலைசரில் தாமதம் வைத்திருக்கிறார்கள். ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் ஃபேனைச் சோதிக்க, கதவைத் திறந்து வைத்துக் கதவு ஸ்விட்சை விரலால் அழுத்திப் பிடித்தால் போதும், பல மாடல்களில் அது சுற்றத் தொடங்கும் ‘உர்ர்’ சத்தம் கேட்கும். கேட்கவில்லையென்றால் ஃபேன் மோட்டாரைப் பார்க்கலாம். ஃப்ரிட்ஜின் பக்கச் சுவர் சூடாக இருக்கிறது என்று பயப்படுகிறவர்கள் நிறைய. இப்போதைய மாடல்களில் வெப்பம் கொட்டும் சுருள் பக்கச் சுவருக்குள் இருப்பதால் அங்கே சூடு இருந்தே ஆக வேண்டும். கேஸ் ஓடுகிறது என்பதற்கு அது ஓரளவு ஆதாரமும்கூட. ஓரளவு என்கிறேன், பாதி கேஸ் இருந்தாலும் கொஞ்சம் சூடு வரும் என்பதால். அந்தச் சுவரை அலமாரியோடு ஒட்டித் திணித்துவிட்டு, பக்கத்தில் அடுப்பையும் வைத்துக்கொண்டு, மே மாதத்தில் குளிரவில்லை என்று புகார் சொன்னால் ஃப்ரிட்ஜ் என்ன செய்யும்? வெப்பமண்டல வகுப்பு என்று முத்திரை பெற்ற ஃப்ரிட்ஜும் சுற்றுப்புறம் 43 டிகிரி வரை என்ற கணக்கில்தான் சோதிக்கப்படுகிறது.

மெக்கானிக் தரப்பையும் கேட்க வேண்டும். அதில் வலு இருக்கிறது. இந்தத் தொழில் கற்றுக்கொடுக்கப்பட்ட இயந்திரம் சிங்கிள் டோர். இந்தியாவில் கோத்ரேஜ் ஃப்ரிட்ஜ் தயாரிக்கத் தொடங்கியது 1958இல். அதிலிருந்து பல பத்தாண்டுகள் வீடுகளில் இருந்தவற்றில் கெட்டுப்போகக்கூடிய உறுப்புகளே சொற்பம்: தெர்மோஸ்டாட், ரிலே, கம்ப்ரசர், கதவு ரப்பர், கேஸ். கம்ப்ரசர் ஓடுகிறது, குளிரவில்லை என்றால் கேஸ் என்பது அன்று நியாயமான முடிவு. குருவிடமிருந்து சீடனுக்கு வந்த அந்த முடிவு இயந்திரம் மாறிய பிறகும் மாறவில்லை. இன்னொன்று, கேஸ் கசிவு கற்பனையும் இல்லை. பெசன்ட் நகரிலோ ராயபுரத்திலோ கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கும் ஃப்ரிட்ஜின் பின்பக்க இரும்புக் குழாய் உப்புக்காற்றில் துருப்பிடிப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். செம்பும் அலுமினியமும் சேரும் மூட்டு ஈரத்தில் அரிக்கும். கதவு விளிம்பில் வியர்க்காமல் இருக்க ஓட்டியிருக்கும் சூட்டுக் குழாய் ஃபோமுக்குள்ளேயே துருப்பிடித்து ஓட்டையாகும்.

பணக் கணக்கும் அவர் பக்கம் கொஞ்சம் பேசுகிறது. பைமெட்டல் ஒன்றின் விலை சில நூறு ரூபாய்தான். அதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் உட்கார்ந்து, மீட்டர் வைத்துப் பார்த்து, மாற்றிக் கொடுத்தால் ‘இந்தச் சின்ன சாமானுக்கா இவ்வளவு?’ என்று கேட்கிறவர்கள், கேஸுக்கு ஆயிரங்களை மறுபேச்சின்றி எடுத்துக் கொடுக்கிறார்கள். சோதனைக்குக் கூலி கொடுக்க மறுக்கும் வாடிக்கையாளர் சோதனை இல்லாத முடிவையே பெறுவார். இது நம் தரப்புக் குற்றம். மெக்கானிக் தலையில் கட்டிவிட முடியாது.

ஆனாலும் இந்த நியாயங்கள் ஏன் அவர் அப்படிச் சொல்கிறார் என்பதை விளக்குகின்றன. சொன்னது சரி என்று ஆக்கிவிடவில்லை. குறிப்பாக, உண்மையிலேயே கேஸ் போயிருக்கும் சமயத்தில் அவர் செய்யும் வேலையை வைத்து அளந்தால் பலர் தோற்கிறார்கள். ஓட்டையைக் கண்டுபிடிக்க நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். சிஸ்டத்தைத் திறந்தால் ஃபில்டர் டிரையரை மாற்றியே தீர வேண்டும். அதன் வேலையே ஈரத்தை உறிஞ்சுவது, பழையது அந்தத் தெம்பை இழந்திருக்கும். பிறகு வேக்யூம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கேஸ், அதுவும் எடை போட்டு. ஆர்-600ஏ ஃப்ரிட்ஜில் மொத்தக் கேஸே பெரும்பாலும் 40, 50 கிராம்தான். எவ்வளவு என்று பின்பக்க லேபிளில் அச்சடித்திருக்கும். 5 கிராம் கூடக்குறைய ஆனாலே பத்து சதவீதம் தவறு. கேஜைப் பார்த்தும் குழாயைத் தொட்டுப் பார்த்தும் நிரப்பும் பழைய கைப்பழக்கம் ஆர்-12 காலத்துக்குப் பொருந்தியது, இதற்குப் பொருந்தாது. ஐசோபியூட்டேன் தீப்பற்றும், காற்றில் 1.8 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். சிஸ்டத்தில் மிச்சம் இருக்கும் கேஸை வெளியேற்றாமல் மூடிய சமையலறையில் டார்ச் பற்றவைக்கிறவரை அந்தக் கணமே நிறுத்த வேண்டும். லேபிளில் 600ஏ என்று இருக்க, கைவசம் இருக்கிறது என்று 134ஏ சிலிண்டரை மாட்டுகிறவரையும் அப்படியே. இரண்டுக்கும் அழுத்தம் வேறு, கம்ப்ரசர் எண்ணெய் வேறு.

எதிர்ப்பக்கத்தில், கம்பெனி சர்வீஸ் ஆட்களிடம் கேட்பது ‘போர்டு மாத்தணும்’ என்ற வாக்கியம். இன்வர்ட்டர் மாடல்களில் போர்டு கெடுவது உண்மைதான். ஆனால் சென்சாரையும் ஹீட்டரையும் மீட்டரில் அளக்காமல் போர்டு என்பது, கேஸ் என்பதன் படித்த வடிவம். அதோடு, ‘கம்ப்ரசருக்குப் பத்து வருட வாரண்டி’ என்ற விளம்பரத்தை நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் அட்டையைப் படித்துப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் அது கம்ப்ரசர் என்ற உதிரிப்பாகத்துக்கு மட்டும், கேஸும் கூலியும் அதில் சேராது. வீட்டு வைத்தியங்களில் தெர்மோஸ்டாட்டை உச்சத்துக்குத் திருப்புவது அநேகமாகத் தீங்கு: காயில் அடைபட்டிருந்தால் கம்ப்ரசர் இன்னும் நெடுநேரம் ஓடி அடைப்பை இறுக்கும். ஹேர் டிரையரால் ஐஸை உருக்குவது ஈரக்கையோடு கரண்டை விளையாட அழைப்பது. 24 மணி நேரம் அணைத்துப் போடும் வைத்தியம் ஒன்றுதான் பாஸ் ஆகிறது, அதுவும் குணப்படுத்தும் என்பதற்காக இல்லை, கேஸைக் குற்றவாளிப் பட்டியலிலிருந்து நீக்குகிறது என்பதற்காக.

ஆக, ‘கேஸ் போயிடுச்சு’ என்ற வாக்கியத்துக்கு என் மதிப்பீடு ஃப்ரிட்ஜைப் பொறுத்து மாறும். ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் அது முதல் வாக்கியமாக வந்தால் நிராகரிக்க வேண்டியது. அங்கே கேஸ் கடைசிச் சந்தேகம். தடுப்பைக் கழற்றிக் காயிலைப் பார்த்தபின், 24 மணி நேரச் சோதனையில் தோற்றபின், முடிந்தால் கிளாம்ப் மீட்டரில் கம்ப்ரசர் லேபிளில் உள்ளதைவிடக் குறைவான கரண்ட் இழுப்பதைப் பார்த்தபின் சொல்லட்டும், ஏற்றுக்கொள்ளலாம். கத்தி பட்ட சிங்கிள் டோரில் அதை உடனே ஏற்கலாம். கடலோர வீட்டில், துருப்பிடித்த குழாயைக் கண்முன் காட்டினால் ஏற்கலாம். எந்த வகை ஃப்ரிட்ஜாக இருந்தாலும், ஓட்டை எங்கே என்று காட்டாமல் கேஸ் ஏற்றுவதை மட்டும் எந்த நிலையிலும் ஏற்கக் கூடாது. ‘இப்போதைக்குப் போட்டுப் பார்ப்போம்’ என்பதற்குக் கொடுக்கும் பணம் மூன்று மாத வாடகைதான்.

ஓட்டை அகப்பட்ட பிறகும் ஒரு முடிவு பாக்கி இருக்கிறது. பின்பக்கம் வெளியே தெரியும் குழாயிலோ மூட்டிலோ என்றால் அடைத்து, டிரையர் மாற்றி, எடை போட்டு நிரப்பி, இன்னும் பல வருடம் ஓட்டலாம். தாராளமாகச் செலவு செய்யலாம். சிங்கிள் டோர் தகட்டில் ஒரே ஒரு கத்திக்குத்து என்றால் ஒட்டுப் போட்டுப் பார்க்கலாம், அல்லது ஃப்ரீசர் பெட்டியையே மாற்றலாம். புது ஃப்ரிட்ஜ் விலையில் பாதிக்கு மேல் போகாதவரை அது லாபம்தான். ஃபோமுக்குள் புதைந்த குழாயில் ஓட்டை என்று தெரிந்துவிட்டால் நிலைமை வேறு. சுவரைக் கிழித்துப் பிணைக்கிறேன் என்பவர்களும், வெளியில் புதுச் சுருள் மாட்டி வழியை மாற்றிவிடுகிறேன் என்பவர்களும் இருக்கிறார்கள். கிழித்த ஃபோமில் ஈரம் ஏறினால் குளிர் தாங்கும் தன்மை போய்விடும். வெளிச்சுருள் வேலை சரியாக அமைந்தால் ஓடும், ஆனால் அப்படி அமைத்துத் தரும் கை அபூர்வம். எட்டு வருடம் தாண்டிய ஃப்ரிட்ஜ் என்றால் அந்த வேலைக்கு இறங்காமல், அந்தப் பணத்தைப் புதியதில் போட்டுவிடுவதே சரி.